அப்பா தள்ளிய இலை

யம்மா,

நேற்று உன் தலைத்திவசம் முடிந்தது. இன்று காலையில் பால் வாங்கத் தம்பி வீட்டு வழியாகப் போனேன். வாசலை ஒட்டின சாக்கடை ஓரத்தில் விருந்தில் சாப்பிட்ட இலைகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். குப்பை வண்டி இன்னும் வரவில்லை. வாடின வாழையிலையும் புளித்த மோரும் மென்று துப்பின முருங்கைச் சக்கையும் சேர்ந்து ஒரு வாடை. நாய் ஒன்று அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நான் எதையும் தொடவில்லை, ஆனாலும் கழுவினேன்.

அந்த வாடை உனக்குத் தெரியும். என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அஞ்சாங்கிளாஸ். பிழையாக எழுதினாலும் நீ கண்டுபிடிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேற்று உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ ஆயுசுக்கும் மூடி வைத்திருந்ததை நாலு பேர் நடுவில் திறந்துவிட்டேன். அம்மா பேரைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லிவிட்டுத் தம்பி என்னோடு பேசாமல் இருக்கிறான். கெடுத்தேனா இல்லையா என்பதை உன்னிடம்தானே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இது.

முதலில் அந்த ஃபிளக்ஸ் போர்டைச் சொல்கிறேன்.

தெருமுனையில் கரண்டு கம்பத்தில் கட்டியிருந்தார்கள். உன் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி, முகத்துக்கு வெள்ளை பூசி, ஆயுசில் நீ கட்டாத பட்டுச் சேலையைக் கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். பார்த்தால் நீயும் இல்லை, வேறு யாரும் இல்லை. தம்பி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எப்படிக்கா இருக்கு?"

"அம்மை ஒத்த மூக்குலதானல மூக்குத்தி போட்டிருந்தா?"

"ரெண்டு பக்கமும் இருந்தா லெட்சணமா இருக்கும்னு டிசைன் பண்ணுத பையன் போட்டுட்டான்."

"கீழ எழுதியிருக்கே, அது ஆரு சொன்னது?"

"நான்தான். பிரஸ்ல கொஞ்சம் திருத்திக் குடுத்தாவ."

கீழே சிவப்பு எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது: 'கணவன் உண்ட இலையில் உண்டு கற்பு காத்த எங்கள் குலவிளக்கே.' எழுத்துக்கூட்டி வாசித்து முடித்ததும் எனக்கு வாயெல்லாம் எச்சில் ஊறியது. வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று நினைத்து அவன் எனக்குத் தண்ணீர் வாங்கிவரச் சொன்னான்.

அப்பா தறிப்பட்டறையில் மேஸ்திரி. மத்தியானச் சங்கு ஊதினதும் வந்துவிடுவார். புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நீ புறவாசல் வாழையில் அறுத்து வந்த நுனி இலையைத் துடைத்துப் போட்டுவிட்டு ஓரமாக நிற்பாய். அவர் உட்கார்ந்ததும் கன்னத்தில் அடக்கியிருந்த புகையிலையை விரலால் தோண்டி எடுத்து, இலையின் ஓரத்தில் வைப்பார். பிறகு சாப்பிடுவார். மீசைப் பஞ்சு மோரில் விழும். சாப்பிட்டு முடித்து, அந்தப் புகையிலையை எடுத்துத் திரும்பவும் வாய்க்குள் போட்டுக்கொள்வார். இலையில் அது இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை நிற்கும். அதைச் சுற்றி மென்று ஒதுக்கின கருவேப்பிலை, மீன் முள், விரலால் வழித்து மிச்சம் விட்ட சோறு. அதன் பிறகு இடது கைப் புறங்கையால் இலையை உன் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளுவார். 'சாப்பிடு' என்று வாயால் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தள்ளுதான் சொல்லும்.

அப்பா கெட்டவர் இல்லை, யம்மா. அடித்ததில்லை, குடித்ததில்லை. எனக்கு ரிப்பன் வாங்கித் தருவார். அவருடைய அப்பா தள்ளினார், அதனால் இவரும் தள்ளினார்.

அப்பாவைப் பெற்ற ஆச்சி நிலைப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, நீ கடைசிப் பருக்கை வரை தின்கிறாயா என்று பார்த்துக்கொண்டே இருப்பாளாம். கல்யாணமாகி வந்த புதிதில் நீ இரண்டு வாய் தின்றுவிட்டுப் புறவாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாய். ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவுக்கே சீனி கொடுத்துவிட்டாள். நீ மறுநாளும் எடுத்தாய். அதற்கு மறுநாளும் எடுத்தாய். ஊர்ப் பெண்கள் மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். இதை நீ எனக்குச் சொன்னபோது உனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"வகுத்துல ஒண்ணும் இல்ல மக்கா. ஒங்கப்பா எச்சிதான் இருந்துச்சு. வந்த மாங்காய என்ன செய்ய, நல்லா உப்பு போட்டுத் தின்னேன்."

பிறகு நிஜமாகவே நான் வந்தேன். ஆச்சி கணக்குப் பார்த்துக் குழம்பிப்போய், பிள்ளை ஏன் இத்தனை மாசம் தங்கியது என்று கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம்.

ஆச்சி போன பிறகுதான் எருமை வந்தது. கருப்பி என்று கூப்பிடுவோம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஒரு நாள் பார்த்தேன். அப்பா இலையைத் தள்ளிவிட்டு முன்வீட்டுப் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். நீ இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "புறவாசல்ல காத்தாட உக்காந்து சாப்பிடுதேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ நேராகத் தொழுவத்துக்குப் போய் கருப்பியின் முன்னால் அந்த இலையை வைத்தாய். அது புகையிலைக் கறையையும் விடாமல் சுருட்டி உள்ளே இழுத்தது. நீ கை கழுவிவிட்டு, வைக்கோல் படப்புக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் கும்பாவை எடுத்து, அதில் உனக்கென்று போட்டு வைத்திருந்த சோற்றைத் தின்ன ஆரம்பித்தாய். நான் நிற்பதைப் பார்த்ததும் வாயில் சோற்றோடு சொன்னாய்.

"என்னட்டி முழிக்கே, கண்ணு ரெண்டும் வெளிய விழுந்திரப் போவுது. போயி நடையில நில்லு. அப்பா எந்திரிச்சா இருமு."

அன்றைக்கு ஆரம்பித்த இருமல். எனக்குச் சளி என்று அப்பா கஷாயம் வாங்கி வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதையும் கருப்பிதான் குடித்தது.

நான் விவரம் தெரிந்த பிறகு ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எருமையப் பத்தி ஆருட்டயும் சொல்லிராத மக்கா. ஊரு சிரிக்கும். எம் பேரே அதுலதான் நிக்கி."

உண்மைதான். அதற்குள் உன் பேர் அப்படி ஆகிவிட்டிருந்தது. தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மஞ்சள் இடிக்க உன்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். மேஸ்திரி வீட்டம்மா புருசன் இலையைத் தவிர வேறு இலை தொட்டதில்லை என்று பேச்சு. புதுப்பெண்களைக் கூட்டிவந்து உன் காலில் விழச் சொல்வார்கள். அடங்கி நட, அனுசரித்துப் போ என்று நீ சொல்வாய் என்று எதிர்பார்த்து நிற்பார்கள். நீ அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "வகுறு நெறையச் சாப்பிடு தாயி" என்று மட்டும் சொல்வாய். என்ன பெரிய மனசு என்று அதற்கும் புகழுவார்கள். கருப்பியின் பால் கெட்டியாக இருக்கிறது, என்ன தீனி வைக்கிறாய் என்று பால் வாங்க வந்தவள் கேட்டாள். "வீட்டுச் சாப்பாடுதான்" என்றாய். நான் அடுப்படிக்குள் போய்ச் சேலையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தேன்.

என் கல்யாணத்தில் எனக்கும் அந்த நேரம் வந்தது. மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டார். இலையில் என்னை உட்காரச் சொல்லி அவர் வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். நீ செம்போடு வந்தாய். மாப்பிள்ளைக்குக் கை கழுவத் தண்ணீர் கொடுக்கக் குனிந்தவள், செம்பு முழுவதையும் இலையில் கொட்டினாய். சோறும் பாயசமும் மிதந்தன. "அடப் பாவமே, கை நழுவிட்டே" என்று பதறினாய் பார், நாடகக்காரி தோற்றுப்போவாள். வேறு வழியில்லாமல் எனக்குப் புது இலை போட்டார்கள். என் வீட்டுக்காரர் பிறகு எப்போதும் தன் இலையைத் தானே மடித்து எடுத்துப் போடுகிறவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். ஆனால் அந்த முதல் நாளில் என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் இல்லை. உன் கை.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு நான் வந்து உன்னோடு இருந்தேன். வாய் கோணி, எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். படுக்கையிலேயே எல்லாம். நீ முகத்தைச் சுளிக்கவில்லை. கையாலேயே அள்ளினாய், துடைத்தாய், பிள்ளையைக் கழுவுகிற மாதிரி கழுவினாய். அவர் வாயிலிருந்து வெளியே தள்ளின கஞ்சியை விரலால் வழித்து மறுபடியும் ஊட்டினாய். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப மட்டும் ஒனக்குக் குமட்டலையாம்மா?" என்று கேட்டேன்.

நீ துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "இது நோவு மக்கா. நோவுல என்ன அருவருப்பு? அவரு கை காலோட இருக்கையில எலையத் தள்ளுவாரு பாரு, எருமைக்குத் தள்ளுத மாரி. அந்தத் தள்ளுதான் எனக்கு ஆவல. எச்சி இல்ல."

அந்தப் பேச்சை நான் எங்கே போனாலும் கொண்டுபோகிறேன். எச்சிலில் என்ன இருக்கிறது? கடிக்க முடியாத கொய்யாக்காயை நீ பல்லால் கடித்துத் துண்டாக்கிக் கொடுப்பாய், என் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பிடுங்கித் தின்றார்கள். உன் வாயில் இருந்த முறுக்குத்தான் அவர்களுக்கு ருசி. பேரன் பேத்திகள் சாப்பிட உட்கார்ந்தால் ஆம்பிளைகள் யாரும் உட்காருவதற்கு முன்னால் அவர்களுக்குப் போட்டுவிடுவாய். பெண்பிள்ளைகளுக்கு முதலில். கேட்டால், "சின்னதுக வகுறு பொறுக்காது" என்பாய். காலேஜ் முடித்த கோமுவுக்கும் அதையே சொன்னாய்.

கோமு, என் மகன் பெற்ற மகள், உன் செல்லக் கொள்ளுப்பேத்தி. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. யாரென்று தெரியாதவர்களின் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, லென்சில் கண்ணை வைத்துப் பார்த்து, நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறாள். நீ படுத்திருந்தபோது உன் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்ததும் அவள்தான். "அடுத்தவன் சளியத் தொடுதியே, ஒனக்கு ஒரு மாரி வரலையாட்டி?" என்று கேட்டாய். "அது வேலை பெரியாச்சி. கைய நீட்டு" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நோவில் என்ன அருவருப்பு என்று நீ சொன்னது நம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆகி நீ பார்க்கவில்லை. மாப்பிள்ளை ராஜபாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சாதுவான பிள்ளை. நேற்றுத்தான் ஜோடியாக முதல் தடவை தம்பி வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டுக்குள் அதே வெள்ளை பூசின உன் போட்டோவைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக பல்பு மின்னிக்கொண்டிருந்தது, பேன்சிக் கடை மாதிரி. முன்னால் படையல். உனக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டிக் காப்பியும் சீனிச் சேவும் வைத்தது தம்பி பெண்டாட்டி செல்விதான். அவள் மறக்கவில்லை. கும்பிட்டுக் காக்கைக்கு வைத்தோம், அது வந்து எடுத்தது. அதன் பிறகு படையல் இலையில் பெற்ற பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தலைமகன் முதலில். அப்பா திவசத்தில் நீயே பக்கத்தில் நின்று தம்பியை உட்கார வைத்தாய்.

"ஏங்க, அத்தை இலையில உக்காருங்க" என்றாள் செல்வி.

தம்பி குனிந்து பார்த்தான். "ஊதுபத்திச் சாம்பல் பூராவும் அதுலதான் கெடக்கு. பாயசத்துல ஈ. சோறு ஆறி வெறச்சுப் போச்சு. இத எப்படிட்டி மனுசன் திங்கது? நான்தான் தொட்டுக் கும்பிட்டாச்சுல்லா. தெருவுல மாடு வந்தா வச்சிரு."

எனக்குச் சுரீர் என்றது. திவசத்தன்று சண்டை வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். இலை உன் போட்டோவுக்கு முன்னாலேயே கிடந்தது.

பந்தி போட்டார்கள். ஆம்பிளைகள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். கோமு பரிமாறினாள். மாப்பிள்ளை சாப்பிட்டுக் கையை உதறி எழுந்திருக்கப் போனபோது, தம்பி செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாப்ள, எந்திரிச்சிராதீய. ஏட்டி கோமு, வா. மாப்ள எலையில உக்காந்து ஒரு வாய் சாப்பிடு. பெரியாச்சி நாளு இன்னைக்கி. ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடணும். 'பெரியாச்சி வழியில் பேத்தி'ன்னு போட்டா எப்படி இருக்கும்?"

"இருக்கட்டும் தாத்தா" என்றார் மாப்பிள்ளை. "அவ வேற எலையில..."

"அட, கூச்சப்படாதீய. எங்க வீட்டுப் பெருமையே இதுதான். ஃபிளக்ஸ் பாத்தீயள்லா? தள்ளுங்க இந்தப் பக்கம்."

எல்லோரும் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கைப் புறங்கையால் இலையைக் கோமு பக்கம் தள்ளினார்.

யம்மா, அதே தள்ளு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அந்தப் பிள்ளைக்கு? அப்பாவை அவர் பார்த்ததுகூட இல்லை. பாதி கடித்த வடையும் முருங்கைச் சக்கையும் ரசத்தில் நனைந்து இலையோடு வழுக்கிக்கொண்டு வந்து கோமுவின் கால்விரலுக்கு முன்னால் நின்றன. யார் யாருடைய சளிக்கும் சுருங்காத முகம், சுருங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு முட்டி மடக்கினாள். புதுப்பெண் அல்லவா, என்ன செய்வாள். என் கையில் செம்பு இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், தண்ணீர்ப் பாட்டில்களைத்தான் மூடியோடு வரிசையாக வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்துகொண்டு கை நழுவியது என்று சொல்ல முடியுமா?

"ஏட்டி கோமு, உக்காராத" என்றேன்.

"என்னக்கா?" என்றான் தம்பி, போனை இறக்காமலே.

"உக்காராதன்னு சொல்லுதேன். அம்மை பேரச் சொல்லித்தான அவள உக்காரச் சொல்லுத? அம்மை அப்பா எலையில திங்கல."

"எனக்குத் தெரியாதா? தெனமும் எடுத்துட்டுப் போவா."

"எடுத்துட்டுப் போவா. கருப்பி தின்னும். அவ கும்பாவுல போட்டுத் தின்பா, படப்புக்குப் பின்னால. நான் நடையில காவல் நிப்பேன். நான் இருமுவேன்லா, கஷாயம் குடிச்சேன்லா, அதுக்குத்தான்."

யாரோ ஒரு ஆள் பந்தியில் சிரித்துவிட்டுப் புரையேறினது போல இருமினார். தம்பியின் முகம் கறுத்தது.

"செத்தவளப் பத்திப் பொய் சொல்லாதக்கா. அவ பதிவிரதை."

"எருமைதான்ல பதிவிரதை. ஒனக்கு எலைன்னா அவ்வளவு பெருமைன்னா, அங்கன கெடக்கு பாரு அம்மை எலை. பெத்தவ எலை. அதுல உக்காரு. சாம்பலுங்குத, ஈங்குத, மனுசன் திங்கதாங்குத. ஒனக்கு மட்டும்தான் கொமட்டுமா? அந்தப் பிள்ளைக்குக் கொமட்டாதா?"

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான். கோமு எழுந்து நின்றாள். மாப்பிள்ளை இலையைத் தன் பக்கம் இழுத்து, மடிக்கத் தெரியாமல் மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். ரசம் அவர் வேட்டியில் சொட்டியது. "பின்னால வாளி இருக்கு" என்றாள் கோமு. போனார். இனி அவர் வீட்டில் இதை என்னவென்று பேசுவார்களோ எனக்குத் தெரியாது. பேசட்டும்.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். நல்லது செய்தோம் என்று காலை நீட்டிப் படுத்திருப்பேன். செல்விதான் என்னைத் தூங்க விடவில்லை.

அவள் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றிருந்தாள். எல்லோரும் கலைந்த பிறகு மெல்ல வந்து கேட்டாள்.

"மயினி, அப்ப அத்தை திங்கவே இல்லையா?"

"அவ மாமியா இருந்தமட்டும் தின்னா. பொறவு இல்ல."

"நான் தின்னேனே, மயினி."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமான நாள் முதல் தம்பி தள்ளின இலையில், எங்கள் அத்தை மாதிரி எங்கள் அத்தை மாதிரி என்று சொல்லிக்கொண்டு தின்றவள். நீ பக்கத்தில்தான் இருந்தாய். அவள் அடுப்படியில் தின்னும்போது நீ காற்றாட உட்காருகிறேன் என்று புறவாசலுக்குப் போனாய்.

எனக்குத் தண்ணீர் ஊற்றினாயே, அவளுக்கு ஏன் ஊற்றவில்லை?

அப்பாவுக்குப் பயந்தாயா? மகனுக்கா? இல்லை, எருமை விஷயம் வெளியே வந்தால் பேர் போய்விடும் என்றா? ஆச்சி நிலைப்படியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்த மாதிரி நீ அவளைப் பார்க்கவில்லை, அது நிஜம். ஆனால் பார்க்காமல் போனாய். ஃபிளக்ஸைப் பார்த்து ஊறின அந்த எச்சில் மறுபடியும் என் வாயில் ஊறியது. இந்தத் தடவை உன்னை நினைத்து. இதைச் சொல்லாமல் நீ நல்லவள் நல்லவள் என்று எழுதிக்கொண்டே போனால் நானும் அந்த பிரஸ்காரன்தான், உனக்கு இரண்டாவது மூக்குத்தி போட்டுவிடுகிறவள்.

கோமு செல்வியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். புது இலையை விரித்து, தண்ணீர் தெளித்து, சூடாகச் சோறு போட்டாள். நான் உன் போட்டோவுக்கு முன்னால் கிடந்த இலையைக் காட்டி, "நீயும் அவளுக்கு மகதான், வாட்டி, ஒரு வாய் எடு" என்று செல்வியைக் கூப்பிட்டேன்.

"வேண்டாம் மயினி" என்றாள். "இனி எனக்கு ஆரு எலையும் வேண்டாம்."

அவள் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். பல்பு உன் முகத்தில் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதன் சுவிட்சை அணைத்தேன். அணைந்ததும் பூசின வெள்ளையெல்லாம் மங்கி, கொஞ்சம் நீ மாதிரி தெரிந்தாய்.

பிறகு உன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சோறு விறைத்திருந்தது. சாம்பல் உதிர்ந்திருந்தது. ஈயை ஓட்டினேன். கோபம் எனக்கு இறங்கவில்லை, இப்போதும் இறங்கவில்லை. ஆனாலும் கருப்பட்டிக் காப்பியில் சேவை நனைத்து ஒரு வாய், பாயசம் ஒரு வாய், சாம்பலோடு சோறு ஒரு வாய் என்று இலையை வழித்துச் சாப்பிட்டேன். எனக்குக் குமட்டவில்லை, யம்மா. அந்த இலையை என் பக்கம் யாரும் தள்ளவில்லை. நானே இழுத்துக்கொண்டேன்.